மஞ்சள் வண்டியில் வந்த குடிநீர்த் தொட்டிக்காரர்

அவரை எல்லோரும் 'டார்ச்' என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பேனா செருகிக்கொள்ளும் சட்டைப் பையில் அவர் ஒரு குட்டி டார்ச் விளக்கைச் செருகியிருப்பார். குடிநீர்த் தொட்டிகளைக் கழுவிச் சுத்தம் செய்வது அவர் தொழில். மொட்டைமாடித் தொட்டியோ, தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியோ, மூடியைத் தூக்கி ஒரு தடவை வெளிச்சம் அடித்துப் பார்த்தால் போதும். கழுவி எத்தனை வருஷம் ஆயிற்று, அடியில் வண்டல் எவ்வளவு, எந்த மூலையில் பாசி என்று கடகடவென்று சொல்லிவிடுவார். பழக்கதோஷத்தில் டீக்கடையில் டம்ளருக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். "உள்ள யாராவது விழுந்துட்டாங்களாண்ணே?" என்று டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்ட பிறகுதான் கொஞ்சம் அடக்கி வாசித்தார்.

பதினான்கு வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் இந்த வேலையைச் செய்தார். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம், "இன்னொருத்தன்கிட்ட கை கட்டி நின்னது போதுங்க. நாமளே ஆரம்பிப்போம்" என்று சொன்னது மனைவிதான். அவள் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் வேலை பார்த்தாள். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு ரகம். அவளுடைய தம்பியும், அதாவது டார்ச்சின் மச்சானும், "நானும் வர்றேன் மாமா" என்று சேர்ந்துகொண்டான். முப்பது வயது, நல்ல உழைப்பாளி. வாய் மட்டும் ஓயாது.

சாலை போடும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தது. இன்ஜின் நன்றாக இருந்தது. நிறம் கண்ணைப் பறிக்கும் மஞ்சள், பக்கவாட்டில் பழுப்புப் பட்டை. பெயிண்ட் புதிதாகவே இருந்ததால் அதை மாற்றுவானேன் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். வேன் கூரையில் தடித்த குழாயைச் சுருட்டிக் கட்டினார்கள். பின்பக்கம் பம்ப்பும் பிரஷ்களும் ஏறின. 'தொட்டி சுத்தம் செய்யப்படும்' என்று பக்கவாட்டில் எழுதி, கீழே போன் நம்பர் போட்டார்கள்.

"தூரத்துல வரும்போதே தெரியுது மாமா, சூரியன் மாதிரி" என்றான் மச்சான்.

தெரியத்தான் செய்தது. முதல் வாரமே போன் அடித்தது. டார்ச் உற்சாகமாக எடுத்தார்.

"சார், நிரம்பி வழியுது, உடனே வாங்க!"

"மோட்டாரை நிறுத்துங்க, சரியாயிடும். தொட்டி எத்தனை லிட்டருங்க?"

"மோட்டாரா? நாத்தம் தாங்கலை சார், வீட்டுக்குள்ள உட்கார முடியலை!"

டார்ச்சுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் கேட்டது கழிவறைத் தொட்டிக்கு. இல்லீங்க, நாங்க குடிதண்ணித் தொட்டி மட்டும்தான் என்று சொல்லி வைத்தார். அடுத்த போனும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒரு மாதத்தில் வந்த அழைப்புகளில் முக்கால்வாசி இந்த ரகம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், முறையாகப் பேசி நேரம் வாங்கிக்கொண்டு போனவரைக் காவலாளி வாசலிலேயே நிறுத்தி, "இந்த மாதிரி வண்டியெல்லாம் பின்னாடி கேட்" என்று கையைக் காட்டினார். பின்பக்கம் போவதற்குள் மூன்று வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வண்டியில் அன்று காலையில் துவைத்துப் போட்ட துணியின் சோப்பு வாசனையைத் தவிர வேறு எந்த வாசனையும் இல்லை.

அந்த நகரத்தில் கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள் எல்லாமே மஞ்சள். இது டார்ச்சுக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆனால் அவர் எதையும் உள்ளே எட்டிப் பார்த்தே பழகியவர். தன் வண்டி வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அதைப் பார்க்க வைத்தது ஒரு கணக்கு டீச்சர். ஓய்வுபெற்றவர், தனியாக இருந்தார். மருந்துக்கடையில் மனைவியிடம் பேசிப் பழகியவர் என்பதால் அவரே கூப்பிட்டிருந்தார். டார்ச் போனபோது அவர் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார், மாடிப்படியை மட்டும் காட்டினார். மூன்று மணி நேர வேலை. வண்டலை உறிஞ்சி எடுத்து, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி தெளித்து, மூன்று தடவை அலசி, புதுத் தண்ணீர் நிரப்பி, ஒரு டம்ளர் பிடித்து அவர் முன்னாலேயே மடக்மடக்கென்று குடித்தும் காட்டினார் டார்ச். டீச்சருக்குத் திருப்தி. வழியனுப்ப வாசலுக்கு வந்தவர் வேனைப் பார்த்தார். முகம் மாறியது.

"இது உங்க வண்டியா?"

"ஆமாம்மா. தொட்டி வேலை மட்டும்தான், நீங்க நெனக்கற மாதிரி…"

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க நல்லாத்தான் கழுவியிருப்பீங்க. நான் கணக்கு டீச்சர், யோசிச்சுப் பாத்தா எனக்கே தெரியுது. ஆனா இந்த வண்டியைப் பாத்தப்புறம் அந்தத் தண்ணி என் தொண்டைல இறங்காது."

பேசிய கூலியைக் கையில் கொடுத்தார். பிறகு தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டார். ஒரு தொட்டித் தண்ணீர் மொத்தமும் சாக்கடையைப் பார்க்க ஓடியது. டார்ச் கேட்டைப் பிடித்தபடி நின்றார். கோபம் வந்திருந்தால் தேவலை. வந்தது அழுகை.

வீட்டில் தட்டைத் தொடாமல் எழுந்தவரிடம் மனைவி விஷயத்தைக் கறந்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனாள். எதிர்ப்பக்க நடைபாதையில் நிறுத்தி, "இங்கேருந்து பாருங்க. நீங்க யாருன்னே தெரியாதுன்னு வெச்சுக்கோங்க. இப்ப அந்த வண்டி எதுக்கு வந்திருக்கு?" என்றாள்.

டார்ச் பார்த்தார். மஞ்சள், பழுப்பு, கூரையில் தடித்த குழாய், 'தொட்டி சுத்தம்'.

"அடக் கடவுளே" என்றார்.

"எழுதியிருக்கறதை யாருங்க படிக்கறாங்க? எங்க கடையில மாத்திரை பேரைச் சொல்லிக் கேக்கறவங்க பத்துக்கு ரெண்டு பேர். மத்தவங்க எல்லாம், அந்த ரோஸ் மாத்திரை குடும்மா, பச்சை அட்டையில வருமே அது குடும்மாதான். போன வருஷம் ஒரு இருமல் மருந்துக்காரங்க அட்டைப்பெட்டியைச் செவப்புலேருந்து வெள்ளைக்கு மாத்தினாங்க. உள்ள அதே மருந்து, அதே பாட்டில். 'முந்தி மாதிரி கேக்கலைம்மா'ன்னு எத்தனை பேர் திருப்பிக் கொண்டாந்து குடுத்தாங்க தெரியுமா? பொய் சொல்லலை அவங்க. நெஜமாவே இருமல் நிக்கலை!"

தண்ணீர் என்றால் நீலம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டே நாளில் வேன் நீலமாயிற்று. பெயிண்டர் வேலையை முடித்துவிட்டு, "அப்படியே கடல் மாதிரி இருக்கு" என்றார். போன் ஒழுங்கான வேலைகளுக்கு அடிக்க ஆரம்பித்தது. மூன்று வாரம் டார்ச் தரையில் கால் படாமல் நடந்தார்.

அப்புறம் கோடை வந்தது. நகரத்தில் தண்ணீர் வெட்டு. பல தெருக்களுக்கு லாரியில்தான் தண்ணீர். தண்ணீர் லாரிகள் நீலம்.

முதல் நாள் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு குறுக்குத் தெருவில் திரும்பியதும், வீடுகளிலிருந்து பெண்களும் ஆண்களும் குடங்களும் வாளிகளுமாக ஓடி வந்தார்கள். நிமிஷத்தில் வேனுக்கு முன்னால் வரிசை.

"காலைலேருந்து காத்துக் கெடக்கோம், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் இடுப்பில் குடம் வைத்திருந்த ஒரு பெண்.

மச்சான் இறங்கிப் பின்கதவைத் திறந்து காட்டினான். "பாருங்கக்கா, பிரஷ்தான் இருக்கு. நாங்க தொட்டி கழுவற ஆளுங்க."

"அப்ப தண்ணியை எந்தப் பெரிய மனுஷன் வீட்டுல ஊத்திட்டு வர்றீங்க?"

"அக்கா, தண்ணி வண்டியே இல்லக்கா இது!"

"பின்ன எதுக்குய்யா நீலமா வர்றீங்க?"

கடைசி அலசலுக்கென்று வண்டியில் இரண்டு கேன் நல்ல தண்ணீர் இருந்தது. டார்ச் அதை இறக்கி வரிசையின் முன்னால் இருந்தவர்களுக்கு ஊற்றினார். ஐந்தாவது குடத்தோடு தீர்ந்துபோனது. மற்றவர்கள் திட்டக்கூட இல்லை. வெறும் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அதுதான் அவரை அறுத்தது.

"இந்தக் கலரும் வேணாம்" என்றார் மனைவியிடம்.

"நல்லா வேலை வருதேங்க. கோடை போனா சரியாயிடும்."

"மஞ்சளைப் பாத்து நம்மள வெறுத்தாங்க. அது நம்ம நஷ்டம். நீலத்தைப் பாத்து ஆசைப்பட்டு ஓடி வர்றாங்க. அது அவங்க நஷ்டம். என்னால முடியாது."

மறுநாள் மனைவி கடையிலிருந்து ஒரு பை நிறையக் காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். பற்பசை, வாய் கொப்பளிக்கும் மருந்து, கை கழுவும் திரவம். "வாய்க்குள்ள போறது எல்லாம் என்ன கலர்ல இருக்குன்னு பாருங்க."

ஆனால் டார்ச் இந்தத் தடவை சூடுபட்ட ஆளாக இருந்தார். பெயிண்ட் கடையில் நிற அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டார். மாலையில் மருந்துக்கடை வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி, "இந்தக் கலர்ல ஒரு வண்டி உங்க வீட்டு வாசல்ல நின்னா, என்ன வேலைக்கு வந்திருக்குன்னு நெனப்பீங்க?" என்று கேட்டார். மூன்று மாலை இதே வேலை. ரோஸுக்கு ஐஸ்கிரீம் என்றார்கள். கறுப்புக்குப் பிணம் தூக்குகிற வண்டி. சிவப்புக்கு, "எங்கய்யா தீ?" என்று ஒருவர் பதறியே போனார். கரும்பச்சைக்குக் குப்பை வண்டி. வெளிர் பச்சையை, அதாவது பற்பசை டப்பாவில் இருக்கும் அந்தக் குளிர்ந்த பச்சையைக் காட்டியபோது ஏழெட்டுப் பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பல் டாக்டர்.

டார்ச் உதட்டைப் பிதுக்கினார். "பல் டாக்டரா? அதுவும் தப்பாத்தானே போச்சு?"

"என்ன தப்பு?" என்றாள் மனைவி. "முன்னபின்ன தெரியாத ஆளு, வாயைத் தொறன்னா தொறக்கறோம். கையை உள்ள விட விடறோம். அவ்வளவு நம்பிக்கை. அந்தக் கலரை எடுத்துக்கோங்க. 'குடிநீர்'ங்கற எழுத்தை மட்டும் இந்தத் தடவை பெருசா எழுதச் சொல்லுங்க."

வேன் வெளிர் பச்சையாயிற்று. யாரும் மூக்கைப் பொத்தவில்லை, யாரும் குடத்தோடு ஓடி வரவில்லை. சிலர் நின்று எழுத்தைப் படித்தார்கள். டார்ச்சுக்கு அது போதுமானதாக இருந்தது.

உடுப்பு விஷயத்தில் மட்டும் அவர் பிடித்ததே பிடி. அதுவரை பழுப்புக் காற்சட்டைதான், அழுக்குத் தெரியாது என்று. இப்போது தலை முதல் கால் வரை வெள்ளை வேண்டும் என்றார்.

"சேத்துக்குள்ள இறங்கற ஆளுக்கு வெள்ளையா? அழுக்குத் தெரியுமே!" என்றாள் மனைவி.

"தெரியணும். அதுக்குத்தான். நான் உள்ள போறப்ப வெளுப்பா போறதை அவங்க பாக்கட்டும். அப்பத்தான் அவங்க தொட்டிக்கு நான் அழுக்கைக் கொண்டு போகலைன்னு தெரியும். வெளிய வர்றப்ப எப்படி வர்றேன்னும் பாக்கட்டும்."

"பேச்சு நல்லா இருக்கு. தோய்க்கறது யாரு?"

"நான்" என்றார் டார்ச். சொன்னபடி செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாளியில் ஊறவைத்து, அடித்து, நீலம் போட்டு, ஆளுக்கு மூன்று ஜோடி.

பலன் அவரே எதிர்பார்க்காதது. முழங்கால் வரை பழுப்புச் சேறும், தோளில் பச்சைப் பாசியுமாக அவர் ஏணியில் இறங்கி வரும்போது வீட்டுக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். "இதையா இத்தனை நாளா குடிச்சோம்?" என்று ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அங்கேயே அடுத்த வேலை. இத்தனை வருஷமாக இதே சேற்றோடுதான் இறங்கியிருக்கிறார், பழுப்பு உடுப்பில் அது யார் கண்ணுக்கும் பட்டதில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. புதிதாக ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருந்த பேக்கரிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். மாவு மூட்டை போல ஆள், சந்தேகப் பேர்வழி. டார்ச்சும் மச்சானும் மேலே ஏறி மூடியைத் திறந்து பார்த்தால், தொட்டி பளிங்கு மாதிரி இருக்கிறது. யாரோ நான்கைந்து மாதத்துக்கு முன்புதான் ஒழுங்காகக் கழுவி, மூடியை இறுக்கி வைத்திருக்கிறார்கள். டார்ச் மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "நமக்கு இங்க வேலையே இல்ல" என்று திரும்பினார். மச்சான் மாடிச் சுவரோரம் தேங்கியிருந்த சேற்றை இரண்டு கையாலும் அள்ளித் தன் காற்சட்டையில் பூசிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"சும்மா இறங்கினா நம்ப மாட்டாரு மாமா. வெள்ளை அழுக்காகலைன்னா நாம வேலையே செய்யலைன்னு அர்த்தம். உங்களுக்கும் கொஞ்சம் தடவட்டுமா?"

டார்ச் உடனே திட்டிவிடவில்லை. ஒரு நிமிஷம் அவருக்கும் சபலம் தட்டியது. ஜனங்கள் கறையைத்தான் எண்ணுகிறார்கள் என்று சில வாரங்களாகவே அவர் கவனித்திருந்தார். இரண்டு கை சேறு, பேசிய கூலி, எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு அவருக்கே கூசியது.

"போய் வேற ஜோடி மாத்து" என்றார். "கலர் நம்மள வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். அதோட சரி. அதையே வெச்சு ஏமாத்தினா, அப்புறம் நான் வெள்ளை போட்டதுக்கு என்ன அர்த்தம்?"

கீழே வந்து உள்ளதைச் சொன்னார். பேக்கரிக்காரர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "கசங்காம வந்து நிக்கறீங்க. வெயில்ல வேலை செய்யச் சோம்பலா?"

"நீங்களே மேல வந்து பாத்துடுங்களேன்."

"நானா? ஏணியிலயா?"

ஏறினார். மச்சான் கீழிருந்து தாங்க, டார்ச் மேலிருந்து இழுக்க, படிக்குப் படி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறிவிட்டார். டார்ச் விளக்கை அவர் கையிலேயே கொடுத்தார். குனிந்து வெகு நேரம் பார்த்த பேக்கரிக்காரர், "அடியில கிடக்கற திருகாணிகூடத் தெரியுதே" என்றார். நிமிர்ந்தபோது முகத்திலிருந்த சந்தேகம் போய் அசடு வழிந்தது. "சரி, மறுபடி எப்பக் கழுவணும்?"

"ரெண்டு மாசம் கழிச்சு நானே வந்து பாக்கறேன்."

சூடான பன் ரொட்டி ஒரு பை கிடைத்தது. மச்சான் அதைத் தின்றுகொண்டே இரண்டு நாள் பேசாமல் இருந்தான். அவன் வாழ்க்கையில் அதுதான் நீண்ட மௌனம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உள்ளே காட்டுவது. ஏற முடியாதவர்களுக்கு மச்சானே செல்போனில் படம் எடுத்து வந்து, தன் பங்குக்கு வர்ணனையும் சேர்த்துச் சொன்னான்.

இரண்டு வருஷத்தில் இன்னொரு வேன் தேவைப்பட்டது. "வீட்டுல நான் தனியா இருக்கேன், பொம்பளை ஆள் யாராவது வருவாங்களா?" என்று போனில் கேட்கிறவர்கள் பெருகியிருந்தார்கள். மனைவி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு மழைக்காலம் முழுக்க டார்ச்சோடு தொட்டிகளில் இறங்கி வேலை பழகினாள். பிறகு மருந்துக்கடையில் விடைபெற்றாள். கூட வேலை செய்ய, கட்டட வேலையில் பழகிய ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டாள். வெளிர் பச்சை வேன், வெள்ளை உடுப்பு, எல்லாம் அதேதான்.

டார்ச் இல்லாமல் அவள் போன முதல் வீட்டில் ஓர் இளம் தாயும் நான்கு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். வாசலில் பச்சை வண்டியையும் வெள்ளை உடுப்பையும் பார்த்த குழந்தை வீலென்று கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"எனக்கு ஜொரமே இல்ல! ஊசி வேணாம்!"

தாய் கூப்பிட்டாள், கெஞ்சினாள், மிட்டாய் தருவதாகச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. மனைவி தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். மருந்துக்கடையில் எத்தனை குழந்தைகளைப் பார்த்தவள்.

"உனக்கு யாரு ஊசி போட வந்தா? உங்க மாடியில ஒரு தொட்டி இருக்கு பாரு, அதுக்குத்தான் வயித்துவலி."

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "தொட்டிக்கு வயிறு இருக்கா?"

"பெரிய வயிறு. ஆயிரம் லிட்டர்."

குழந்தையின் தலை மட்டும் வெளியே வந்தது. பிறகு அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி வரை வந்தது. இரண்டரை மணி நேரம் அங்கேயே காவல் இருந்தது. மனைவி இறங்கி வந்தபோது நெஞ்சு வரை சேறு, கன்னத்தில் ஒரு கீற்றுப் பாசி.

குழந்தை அவளைச் சுற்றி வந்து முன்னும் பின்னும் பார்த்தது. "தொட்டி உங்க மேல வாந்தி எடுத்துடுச்சா?"

"ஆமாடி கண்ணு. எல்லாம் வெளிய வந்துடுச்சு. இப்ப நல்லா இருக்கு."

இளம் தாய் சிரிப்பை அடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழாயில் புதுத் தண்ணீர் வந்ததும் குழந்தை முதல் டம்ளரைத் தனக்கென்று கேட்டு வாங்கியது. ஒரு வாய் குடித்தது. நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு, மீதியை நீட்டியது. மனைவி சேற்றுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, குழந்தையின் கையிலிருந்தே குடித்தாள்.